கொலையா, மேன்ஸ்லாட்டரா? ஜூரி அழைப்பு வரவிருக்கும் அமெரிக்கத் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்



அமெரிக்கக் குடியுரிமைச் சான்றிதழோடு இரண்டு பொறுப்புகளும் வந்து சேர்கின்றன. ஓட்டுப் போடுவது ஒன்று. ஜூரியில் உட்காருவது மற்றொன்று. ஓட்டுச்சீட்டின் மேல்பகுதியில் அதிபர், செனட்டர், ஆளுநர் என்று தெரிந்த பெயர்களாக இருக்கும். பலர் படிக்காமலேயே தாண்டிப் போகும் கீழ்ப்பகுதியில், பெரும்பாலான மாநிலங்களில், கவுண்டியின் தலைமை அரசு வழக்கறிஞர் பதவி இருக்கும். கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி, இல்லினாயில் ஸ்டேட்ஸ் அட்டர்னி, மினசோட்டாவில் கவுண்டி அட்டர்னி என்று பெயர்தான் மாறும். சர்ச்சைக்குரிய துப்பாக்கிச் சூடு ஒன்று நடந்து, வீடியோ வெளியாகி, தெருவில் கூட்டம் கூடி, "ஏன் கொலை வழக்குப் போடவில்லை?" என்ற குரல் எழும்போது பதில் சொல்ல வேண்டியவர் இவர்தான். அவர் போட்ட வழக்கு நிற்குமா என்று முடிவு செய்வது ஜூரி. அவரைத் தேர்ந்தெடுப்பதும் நீங்கள், ஜூரியில் உட்காருவதும் நீங்கள் என்பதால் இந்த மடல் உங்களுக்கு.

நம் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தப் பேச்சு வந்தால் வாதம் ஒரே தடத்தில்தான் ஓடுகிறது. கொலை வழக்குப் போட்டால் அந்த அரசு வழக்கறிஞர் நேர்மையானவர். மேன்ஸ்லாட்டர் என்று போட்டால் போலீஸைக் காப்பாற்றுகிறார். கொல்லும் எண்ணமில்லாமலோ, அலட்சியத்தாலோ, ஆத்திரத்தில் நிலைதவறியோ உயிரைப் போக்கும் குற்றத்துக்குத்தான் மேன்ஸ்லாட்டர் என்று பெயர். கொலையைவிட ஒரு படி கீழே. படியைப் பார்த்து நீதியை எடைபோடும் இந்தக் கணக்கு எவ்வளவு தப்பாகப் போகும் என்பதற்கு டெக்சாஸில் அடுத்தடுத்த இரண்டு கவுண்டிகளில் நடந்த இரண்டு வழக்குகளே போதும்.

2018 செப்டம்பர் 6, டாலஸ். பணி முடித்துச் சீருடையோடு திரும்பிய போலீஸ்காரர் ஆம்பர் கைகர், மூன்றாம் மாடியில் இருக்கும் தன் அபார்ட்மென்ட் என்று நினைத்து நான்காம் மாடியில் இருந்த வேறொருவர் வீட்டுக்குள் நுழைந்தார். அங்கே ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாத்தம் ஜீன், செயின்ட் லூசியா தீவிலிருந்து வந்த 26 வயதுக் கணக்காளர். தன் வீட்டுக்குள் திருடன் புகுந்துவிட்டான் என்று நினைத்துச் சுட்டதாகக் கைகர் சொன்னார். முதலில் மேன்ஸ்லாட்டர் என்றுதான் கைது செய்தார்கள். நவம்பர் கடைசியில், வழக்குப் போடலாமா என்று முடிவு செய்யும் கிராண்ட் ஜூரி அதைக் கொலைக் குற்றச்சாட்டாக உயர்த்தியது. 2019 அக்டோபர் 1 அன்று கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. தண்டனை 10 ஆண்டு.

அதே அக்டோபர் 12, பக்கத்து ஊரான போர்ட் வொர்த், அதிகாலை இரண்டரை மணி. 28 வயது அடாடியானா ஜெபர்சன் தன் சகோதரியின் எட்டு வயது மகனோடு வீடியோ கேம் விளையாடிக்கொண்டிருந்தார். ஹாம்பர்கர் சுட்டபோது கருகிவிட்டது. புகை போகட்டும் என்று கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். இந்த நேரத்தில் கதவு திறந்து கிடக்கிறதே என்று அக்கறைப்பட்ட பக்கத்து வீட்டுக்காரர், அவசரமில்லாத விஷயங்களுக்கான போலீஸ் எண்ணுக்குப் போன் செய்தார். வந்த போலீஸ்காரர் ஏரன் டீன் கதவைத் தட்டவில்லை. போலீஸ் என்று குரல் கொடுக்கவும் இல்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். தோட்டத்தில் ஏதோ அரவம் கேட்கவே ஜெபர்சன் கைப்பையிலிருந்த தன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே வந்தார். கையைத் தூக்கு என்று கத்திய வாய் மூடுவதற்குள் டீன் கண்ணாடி வழியாகச் சுட்டுவிட்டார். சிறுவன் அதே அறையில் இருந்தான். இந்த வழக்கு முதலிலிருந்தே கொலை வழக்கு. ஆனால் 2022 டிசம்பரில் ஜூரி, கொலை அல்ல, மேன்ஸ்லாட்டர் என்று சொன்னது. தண்டனை 11 ஆண்டு, 10 மாதம், 12 நாள்.

கொலைக்கு 10. மேன்ஸ்லாட்டருக்கு ஏறக்குறைய 12. இரண்டு தண்டனையையும் முடிவு செய்தது ஜூரிதான்.

டெக்சாஸ் சட்டம் என்ன சொல்கிறது? தெரிந்தே, வேண்டுமென்றே உயிரைப் பறித்தால் கொலை. 5 முதல் 99 ஆண்டு அல்லது ஆயுள். ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தும் அதைப் பொருட்படுத்தாமல் நடந்து உயிர் போகக் காரணமானால் மேன்ஸ்லாட்டர். 2 முதல் 20 ஆண்டு. இறந்தவர் எவ்வளவு அப்பாவி என்பது இந்த வரிகளில் எங்கும் இல்லை. விசையை அழுத்திய கணத்தில் சுட்டவரின் மனதில் என்ன இருந்தது என்பதைத்தான் சட்டம் கேட்கிறது. கைகர் வழக்கில் இதனால் ஒரு விநோதம் நடந்தது. அவர் வீட்டைத்தான் தவறாக நினைத்தார். துப்பாக்கி தவறுதலாக வெடிக்கவில்லை. கொல்லும் எண்ணத்தோடுதான் சுட்டீர்களா என்று குறுக்கு விசாரணையில் கேட்டபோது ஆமாம் என்று ஒப்புக்கொண்டார். அந்த ஒரு பதிலோடு, அலட்சியத்தால் நேர்ந்த சாவு என்ற வாதத்துக்கு இடம் போய்விட்டது. அதன்பிறகு எஞ்சியது ஒரே கேள்வி: தன் வீடு என்று நம்பியதும், தற்காத்துக்கொள்ளச் சுட்டதும் நியாயமா? ஜூரி இல்லை என்றது. ஊர்வலம் போனவர்களும் கொலை என்றுதான் கேட்டார்கள், ஒரு கறுப்பின இளைஞர் தன் வீட்டுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதற்காக. சட்டம் கொலை என்றது, அந்தப் பெண் குறிபார்த்துச் சுட்டதற்காக. இரண்டு காரணங்களும் ஒரே சொல்லில் வந்து முடிந்தது தற்செயல்.

டீனும் குறிபார்த்துத்தான் சுட்டார். அந்தத் தர்க்கப்படி ஒன்று கொலை, இல்லையென்றால் தற்காப்பு என்று விடுதலை. நடுவில் இருந்த மேன்ஸ்லாட்டரில் ஜூரி எப்படி வந்து நின்றது என்று விளக்கச் சொன்னால் சட்டக் கல்லூரி ஆசிரியரும் கொஞ்சம் திணறுவார். பன்னிரண்டு பேர் ஒருமனதாக முடிவெடுக்க வேண்டிய அறையில் இப்படிப்பட்ட சமரசங்கள் நடக்கும். அனுபவமுள்ள அரசு வழக்கறிஞர்களுக்கு இது தெரியும். வழக்கின் பெயரை எழுதும்போதே அந்த அறையையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு 302 என்ற எண்ணே போதும். கொலை என்று புரிந்துவிடும். 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 103 ஆகிவிட்டது என்றாலும் வாய் இன்னும் 302 என்றுதான் சொல்கிறது. அங்கே முதல் தகவல் அறிக்கையில் பிரிவை எழுதுவது காவல் நிலையம். பிறகு நீதிமன்றம் குற்றச்சாட்டை வனையும், தேவைப்பட்டால் மாற்றும். ஜூரி இப்போது கிடையாது; முன்பு இருந்தது. 1959இல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி தன் மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்ற வழக்கிலும் கேள்வி இதேதான்: கொலையா, திடீர் ஆத்திரத்தில் நேர்ந்த, கொலை ஆகாத மரணமா? ஜூரியில் எட்டுப் பேர் அவரைக் குற்றவாளி அல்ல என்றார்கள். ஒருவர் மட்டும் மறுத்தார். உயர் நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டுக் கொலை என்று ஆயுள் தண்டனை கொடுத்தது. அமெரிக்காவில் அப்படிப் புரட்ட முடியாது. ஜூரி ஒருமுறை குற்றவாளி அல்ல என்று சொல்லிவிட்டால் அதே குற்றத்துக்கு அந்த மாநிலம் மறுபடி வழக்குப் போட அரசியலமைப்பு இடம் தராது. அரசு வழக்கறிஞருக்குக் கிடைப்பது ஒரே வாய்ப்பு.

பிரிமான்ட், யூனியன் சிட்டி, டப்ளின் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஓக்லந்து வேறு உலகமாகத் தெரியலாம். எல்லாம் ஒரே அலமீடா கவுண்டிதான். ஒரே டிஸ்ட்ரிக்ட் அட்டர்னிக்குத்தான் ஓட்டு. 2009 புத்தாண்டு பிறந்த இரவில் ஓக்லந்தின் புரூட்வேல் பார்ட் ரயில் நிலையத்தில், பிளாட்பாரத்தில் குப்புறக் கிடந்த 22 வயது ஆஸ்கர் கிராண்டை ரயில்வே போலீஸ்காரர் யோஹானஸ் மெசர்லி முதுகில் சுட்டார். டேசர் என்னும் மின் அதிர்ச்சிக் கருவியை எடுக்கப் போய்க் கைத்துப்பாக்கியை உருவிவிட்டதாக அவர் சொன்னார். ரயிலில் இருந்தவர்கள் செல்பேசியில் எடுத்த வீடியோக்கள் ஊரெங்கும் பரவின; கடைகளின் கண்ணாடிகள் நொறுங்கின. அன்றைய டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி டாம் ஆர்லாஃப் இரண்டு வாரத்துக்குள் கொலை வழக்குப் பதிந்தார். விசாரணை லாஸ் ஏஞ்சலஸுக்கு மாற்றப்பட்டது. 2010 ஜூலையில் ஜூரி இரண்டாம் நிலைக் கொலை இல்லை என்றது. ஆத்திரத்தால் நேரும் மேன்ஸ்லாட்டரும் இல்லை என்றது. எண்ணமில்லாமல் நேர்ந்த மேன்ஸ்லாட்டர் மட்டும் உண்டு என்றது. தண்டனை இரண்டு ஆண்டு.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து மினசோட்டாவில் அச்சு அசலாக அதே தவறு. 2021 ஏப்ரல் 11, புரூக்ளின் சென்டர். 26 ஆண்டு அனுபவமுள்ள போலீஸ்காரர் கிம் பாட்டர், காரை நிறுத்தி விசாரித்த இடத்தில் 20 வயது டான்டே ரைட்டைப் பார்த்து "டேசர், டேசர், டேசர்" என்று கத்தினார். மஞ்சள் நிற டேசர் அவர் இடுப்பின் இடப்பக்கம் இருந்தது. கறுப்புத் துப்பாக்கி வலப்பக்கம். கையில் வந்தது கறுப்பு. பக்கத்திலேயே மினியாபொலிஸில் ஜார்ஜ் பிளாய்ட் வழக்கில் டெரெக் சாவின் மீது விசாரணை நடந்துகொண்டிருந்த நேரம் அது. ஊர் எப்படிக் கொதித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வழக்கு வேறொரு கவுண்டியான வாஷிங்டனின் அட்டர்னி பீட் ஆர்புட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. மூன்றே நாளில் அவர் இரண்டாம் நிலை மேன்ஸ்லாட்டர் என்று பதிந்தார். கொலை வழக்குதான் வேண்டும் என்று கூட்டம் அவர் வீட்டு வாசலுக்கே போனது. பிறகு மாநில அட்டர்னி ஜெனரல் கீத் எலிசன் வழக்கை எடுத்துக்கொண்டு, முதல் நிலை மேன்ஸ்லாட்டரையும் சேர்த்தார், கொலைக்குப் போகவில்லை. அந்த டிசம்பரில் இரண்டு குற்றச்சாட்டும் நிரூபணமாயின. தண்டனை இரண்டு ஆண்டு.

ஓக்லந்தில் கொலை வழக்கில் தொடங்கி இரண்டு ஆண்டு. மினசோட்டாவில் மேன்ஸ்லாட்டரில் தொடங்கி அதே இரண்டு ஆண்டு. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆர்புட்டும் எலிசனும் தங்களால் எதை நிரூபிக்க முடியும் என்று முதலிலேயே சொன்னார்கள், அதை நிரூபித்தும் காட்டினார்கள். ஓக்லந்தில் ஒன்றரை ஆண்டு கொலை என்று கேட்டுப் பழகிய குடும்பத்துக்கும் ஊருக்கும் தீர்ப்பு நாளில் கிடைத்தது ஏமாற்றம். வெடித்த சத்தத்தில் தானே அதிர்ந்துபோய் அலறும் ஒருவர் கொல்லும் எண்ணத்தோடு சுட்டார் என்று பன்னிரண்டு பேரை நம்பவைக்க முடியாது. அதை அறிந்தும் கொலை என்று எழுதுகிறவரை இம்மடல் தைரியசாலி என்று சொல்லாது.

இதற்கு நேர்மாறாக ஒரு வழக்கும் உண்டு. அதில் தவறு அரசு வழக்கறிஞர் கையில் மட்டும் இல்லை, சட்டப் புத்தகத்திலேயே ஒரு பொறி இருந்தது. 2017 ஜூலை 15 இரவு மினியாபொலிஸில், வீட்டுக்குப் பின்னாலுள்ள சந்தில் யாரோ ஒரு பெண் தாக்கப்படுவது போலச் சத்தம் கேட்கிறது என்று ஜஸ்டின் ரஸ்ஸிக் என்ற ஆஸ்திரேலியப் பெண் 911ஐ அழைத்தார். வந்த ரோந்துக் காரை நோக்கி அவரே நடந்து போனார். பக்கவாட்டு இருக்கையில் இருந்த போலீஸ்காரர் முகமது நூர், ஓட்டுநர் இருக்கையிலிருந்த கூட்டாளியைத் தாண்டி ஜன்னல் வழியாகச் சுட்டார். ஹென்னபின் கவுண்டி அட்டர்னி மைக் பிரீமன் எட்டு மாதம் எடுத்துக்கொண்டு மூன்றாம் நிலைக் கொலை, இரண்டாம் நிலை மேன்ஸ்லாட்டர் என்று இரண்டு குற்றச்சாட்டுப் பதிந்தார்; பிறகு இரண்டாம் நிலைக் கொலையையும் சேர்த்தார்.

மூன்றாம் நிலைக் கொலை என்பது சில மாநிலங்களில் மட்டுமே இருக்கும் பிரிவு. கொல்லும் எண்ணம் வேண்டாம். பிறர் உயிரைத் துச்சமாக நினைக்கும் வக்கிர மனம் இருந்தால் போதும். ஓடும் ரயிலைப் பார்த்துக் கண்மண் தெரியாமல் சுடுவது இதற்குப் பாடப்புத்தக உதாரணம். அதிகபட்சம் 25 ஆண்டு. இரண்டாம் நிலை மேன்ஸ்லாட்டருக்கோ 10 ஆண்டுதான். 2019இல் ஜூரி இரண்டாம் நிலைக் கொலையைத் தள்ளிவிட்டு மூன்றாம் நிலைக் கொலையை ஏற்றுக்கொண்டது. நூருக்குப் பன்னிரண்டரை ஆண்டு. மினசோட்டாவில் பணியின்போது நடந்த சாவுக்காகப் போலீஸ்காரர் ஒருவர் கொலைக் குற்றவாளி ஆனது அதுவே முதல்முறை. 2021 செப்டம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. காரணம் எளியது: குறிப்பிட்ட ஒரு நபரைக் குறிவைத்துச் சுட்டால் அது பிறர் எல்லாருடைய உயிரையும் துச்சமாக மதிக்கும் மனம் ஆகாது. மேன்ஸ்லாட்டர் மட்டும் மிஞ்சியது. தண்டனை 57 மாதமாகக் குறைந்தது. 2022 கோடையில் நூர் வெளியே வந்துவிட்டார்.

இதில் பிரீமனைக் குறை சொல்வது பாதிதான் நியாயம். நூர் யாரையும் கொல்லக் கிளம்பவில்லை. ஆனால் மேன்ஸ்லாட்டர் போதாது என்று ஊர் நினைத்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பிரிவு இருந்தது, எடுத்தார். விசாரணை நீதிபதி அனுமதித்தார், ஜூரி ஒப்புக்கொண்டது, மேல்முறையீட்டு நீதிமன்றமும் பெரும்பான்மையாக ஆமோதித்தது. அந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பை வைத்துத்தான் டெரெக் சாவின் மீதும் மூன்றாம் நிலைக் கொலை திரும்பச் சேர்க்கப்பட்டது. இத்தனை பேர் கையெழுத்துப் போட்ட பிறகும் மேலே ஒரு நீதிமன்றம் இருந்தது.

கிராண்ட் ஜூரி பற்றியும் சொல்லியாக வேண்டும். உங்களில் சிலருக்கு அந்த அழைப்பும் வரலாம். அது மூடிய அறை. பிரதிவாதியின் வழக்கறிஞருக்கு அங்கே வாதாட இடமில்லை. அரசு வழக்கறிஞர் எதை முன்வைக்கிறாரோ அதுதான் மேசைக்கு வரும். 2014 ஆகஸ்டில் மிசௌரியின் பெர்குசனில் மைக்கேல் பிரவுன் சுடப்பட்டபோது செயின்ட் லூயிஸ் கவுண்டியின் அரசு வழக்கறிஞர் ராபர்ட் மெக்கல்லக், இதைத்தான் பதியுங்கள் என்று பரிந்துரைக்காமல், முதல் நிலைக் கொலை முதல் மேன்ஸ்லாட்டர் வரை எல்லாவற்றையும், கிடைத்த சாட்சியங்கள் அத்தனையையும் கொட்டிவிட்டு நீங்களே பாருங்கள் என்றார். வெளிப்படைத்தன்மை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். சுட்ட போலீஸ்காரர் டேரன் வில்சன் சாட்சி சொன்ன சமயத்தில் ஜூரியிடம் கொடுத்த சட்டத் தாளில், தப்பியோடுகிறவரைச் சுடலாம் என்ற பழைய மிசௌரிப் பிரிவு இருந்தது. 1985இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்ட விதி அது. மாற்றுத் தாள் வந்தது நவம்பரில், முடிவெடுக்கும் தறுவாயில். குற்றச்சாட்டு எதுவும் இல்லை என்று கிராண்ட் ஜூரி கலைந்தது. மறு ஆண்டு மத்திய நீதித்துறையும் வில்சன் மீது வழக்குத் தொடர ஆதாரம் போதாது என்றுதான் முடிவு செய்தது; ஆகவே முடிவு மாறியிருக்கும் என்று சொல்ல வரவில்லை. முடிவு தன்னுடையது அல்ல என்று காட்டிக்கொள்ள ஒரு தேர்ந்தெடுக்கப்பட்ட அதிகாரி பன்னிரண்டு சாதாரண மனிதர்களை முன்னால் நிறுத்தினார் என்பதுதான் குறை.

கென்டக்கியில் இதற்கு எதிர்ப்பக்கம். 2020 மார்ச்சில் லூயிவில்லில் பிரியானா டெய்லர் தன் வீட்டில் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். செப்டம்பரில் ஒரே ஒரு போலீஸ்காரர் மீது, அதுவும் அடுத்த வீட்டுக்குள் குண்டு பாய்ந்ததற்காக, பிறருக்கு ஆபத்து விளைவித்ததாகக் குற்றச்சாட்டு வந்தது. டெய்லரின் காதலர் முதலில் சுட்டதால் மற்ற இருவரும் திருப்பிச் சுட்டது நியாயம் என்று சொன்ன மாநில அட்டர்னி ஜெனரல் டேனியல் கேமரன், கிராண்ட் ஜூரியும் அதை ஒப்புக்கொண்டது என்றார். பேசலாம் என்று நீதிமன்ற அனுமதி பெற்ற ஜூரிகள் சொன்னது வேறு: கொலையோ மேன்ஸ்லாட்டரோ எங்கள் முன் வைக்கப்படவே இல்லை. கேட்கப்படாத கேள்விக்கு அவர்கள் எப்படிப் பதில் சொல்லியிருக்க முடியும்? பெர்குசனில் எல்லாவற்றையும் கொட்டியும், லூயிவில்லில் எதையும் காட்டாமலும், இரண்டு அதிகாரிகளும் ஒரே திரைக்குப் பின்னால்தான் நின்றார்கள்.

ஓட்டு இந்தத் திரையைச் சில நேரம் விலக்கும். சிகாகோவில் 2014 அக்டோபர் 20 அன்று 17 வயது லக்வான் மெக்டொனால்ட் மீது போலீஸ்காரர் ஜேசன் வான் டைக் 16 குண்டுகள் சுட்டார். குக் கவுண்டியின் ஸ்டேட்ஸ் அட்டர்னி அனிடா ஆல்வரெஸ் முதல் நிலைக் கொலை என்று வழக்குப் பதிந்தது 2015 நவம்பர் 24. நீதிமன்ற உத்தரவால் போலீஸ் கார் கேமரா வீடியோ வெளியானதும் அதே நாள். பதின்மூன்று மாதம் மேசையில் கிடந்த கோப்பு அன்றைக்கு ஏன் கண் திறந்தது என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த மார்ச்சில் கட்சி உள்தேர்தலிலேயே ஆல்வரெஸ் தோற்றார். வழக்கைச் சிறப்பு அரசு வழக்கறிஞர் ஜோசப் மெக்மேன் நடத்தினார். அவர் செய்த ஒரு காரியம் கவனிக்க வேண்டியது: கொலையோடு சேர்த்து, குண்டு ஒன்றுக்கு ஒன்று என்று துப்பாக்கியால் தாக்கிய குற்றச்சாட்டு 16 சேர்த்தார். கொலை நிற்காவிட்டாலும் இவை நிற்கட்டும் என்ற ஏற்பாடு. 2018 அக்டோபரில் ஜூரி முதல் நிலையைக் குறைத்து இரண்டாம் நிலைக் கொலை என்றது, பதினாறையும் ஏற்றது. நீதிபதியோ இரண்டாம் நிலைக் கொலைதான் கடுமையான குற்றம் என்று அதற்கு மட்டும் தண்டனை கொடுத்தார்: 81 மாதம். இல்லினாயில் அந்தப் பிரிவுக்கு நன்னடத்தைக் கழிவு பாதி. 2022 பிப்ரவரியில் வான் டைக் வெளியே வந்தார். தாக்குதல் குற்றச்சாட்டுகளுக்குத் தண்டனை கொடுத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 6 ஆண்டு, கழிவும் குறைவு. கொலை என்ற பெயர் இங்கே குற்றவாளிக்கே சாதகமாக முடிந்தது.

நியூ ஜெர்சியின் எடிசன் பக்கம் இருப்பவர்கள் இதற்கெல்லாம் ஓட்டுப் போட முடியாது. அங்கே கவுண்டி அரசு வழக்கறிஞரை ஆளுநர் நியமிக்கிறார். போலீஸ் கையில் நேரும் மரணங்களை மாநில அட்டர்னி ஜெனரலே விசாரித்துக் கிராண்ட் ஜூரி முன் வைக்க வேண்டும் என்று 2019இல் அங்கே சட்டம் வந்தது. ஆகவே உங்கள் கேள்வி ஆளுநர் வேட்பாளரிடம். இந்தப் பதவிக்குத் தேர்தல் நடக்கும் மாநிலத்தவர்கள், டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி வேட்பாளர் சங்கக் கூட்டத்துக்கோ கோயில் மண்டபத்துக்கோ ஓட்டுக் கேட்டு வரும்போது, போலீஸ் பக்கமா மக்கள் பக்கமா என்று கேட்டுப் பயனில்லை. இரண்டு பக்கமும் என்றுதான் பதில் வரும். தினமும் கூட வேலை செய்யும் போலீஸ் மீதான வழக்கைத் தானே நடத்துவாரா, வெளிக் கவுண்டிக்கு அனுப்புவாரா? வழக்கு இல்லை என்று முடிவெடுத்தால் காரணத்தை எழுத்தில் வெளியிடுவாரா? கிராண்ட் ஜூரி முன் தன் பரிந்துரையைச் சொல்வாரா? ஜூரிக்குக் கீழ்ப்படிக் குற்றச்சாட்டையும் கொடுப்பாரா, எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்று விளையாடுவாரா? இவற்றுக்கு மழுப்ப முடியாது.

கொலை வழக்கே போடக்கூடாது என்று இம்மடல் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தென் கரோலினாவில் 2015 ஏப்ரல் 4 அன்று, பிரேக் விளக்கு எரியவில்லை என்று நிறுத்தப்பட்ட வால்டர் ஸ்காட் இறங்கி ஓடினார். 50 வயது, கையில் ஆயுதம் இல்லை. போலீஸ்காரர் மைக்கேல் ஸ்லேகர் அவர் முதுகைப் பார்த்து எட்டு முறை சுட்டார். வழியில் போன ஒருவர் செல்பேசியில் பிடித்த காட்சி வெளியான அன்றே கொலை வழக்குப் பதிவானது. நியாயமான பிரிவு அதுதான். மாநில விசாரணையில் கொலையும் மேன்ஸ்லாட்டரும் இரண்டுமே ஜூரி முன் இருந்தும் ஒருமனதாக முடிவு வரவில்லை, விசாரணை வீணானது. பிறகு மத்திய நீதிமன்றத்தில் குடிமை உரிமை மீறல் குற்றத்தை ஸ்லேகர் ஒப்புக்கொண்டார். இதை மேன்ஸ்லாட்டராகக் கருதித் தண்டனை தாருங்கள் என்று அவர் தரப்பு கேட்டது. நீதிபதி டேவிட் நார்டன் மறுத்தார். நடந்தது இரண்டாம் நிலைக் கொலை என்று சொல்லி 20 ஆண்டு கொடுத்தார்.

கடைசியாக, இன்றுவரை கொலையா மேன்ஸ்லாட்டரா என்ற வாதம் ஓயாத வழக்கு. 2012 பிப்ரவரி 26, புளோரிடாவின் சான்போர்ட். 17 வயது டிரேவான் மார்ட்டினைக் குடியிருப்புக் காவல் தன்னார்வலரான ஜார்ஜ் ஜிம்மர்மேன் சுட்டுக் கொன்றார். ஆறு வாரம் வழக்கே இல்லை. ஆளுநர் நியமித்த சிறப்பு அரசு வழக்கறிஞர் ஏஞ்சலா கோரி, கூடவிருந்த கிராண்ட் ஜூரியைத் தவிர்த்துவிட்டு ஏப்ரல் 11 அன்று இரண்டாம் நிலைக் கொலை என்று தானே பதிந்தார். புளோரிடாவில் முதல் நிலைக் கொலைக்குக் கிராண்ட் ஜூரி கட்டாயம். அரசு வழக்கறிஞர் தனியாகக் கையெழுத்திட்டுப் பதியக்கூடிய உச்சம் இதுதான். ஆனால் அதற்கு வெறுப்பும் வன்மமும் நிறைந்த மனம் இருந்ததாகக் காட்ட வேண்டும். அரசுத் தரப்பிடம் அதற்கு இருந்த முக்கியச் சான்று, இவர்கள் எப்போதும் தப்பிவிடுகிறார்கள் என்ற பொருளில் ஜிம்மர்மேன் போலீஸுக்குப் பேசிய போனில் முணுமுணுத்தது.

மேன்ஸ்லாட்டர் போட்டிருந்தால் தண்டனை கிடைத்திருக்கும் என்று அன்று முதல் இன்று வரை சொல்கிறார்கள். அது தவறு. மேன்ஸ்லாட்டரும் ஜூரி முன் இருந்தது. ஆறு பெண்கள் அமர்ந்த அந்த ஜூரியில் ஒருவர் பிறகு தொலைக்காட்சியில் சொன்னபடி, முதல் வாக்கெடுப்பில் மூன்று பேர் விடுதலை, இரண்டு பேர் மேன்ஸ்லாட்டர், ஒருவர் இரண்டாம் நிலைக் கொலை. ஆலோசனையின் இரண்டாம் நாள் மாலை அவர்கள் நீதிபதி டெப்ரா நெல்சனுக்கு ஒரு தாள் அனுப்பினார்கள்: மேன்ஸ்லாட்டர் பற்றிய விதிகளை விளக்க முடியுமா? இரு தரப்பையும் கலந்துகொண்டு நீதிபதி திருப்பி அனுப்பிய பதிலின் சாரம், பொதுவாக விவாதிக்க இயலாது, குறிப்பான கேள்வி இருந்தால் எழுதுங்கள் என்பது. ஜூரி அறையிலிருந்து மறுபடி தாள் வரவில்லை. இரவு 10 மணி வாக்கில் குற்றவாளி அல்ல என்ற தீர்ப்பு வந்தது.

அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கலாம்? தற்காப்பு என்று ஏற்றுக்கொண்டால் கொலை மட்டும் விழுமா, மேன்ஸ்லாட்டரும் சேர்ந்து விழுமா என்று ஒரு வரி போதும். சேர்ந்துதான் விழும், உயிருக்குப் பயந்து சுட்டது நியாயம் என்றால் எந்தப் படியிலும் குற்றமில்லை. அந்த விடை கிடைத்திருந்தால் மேன்ஸ்லாட்டர் பக்கம் நின்ற இரண்டு பேரும், எந்த நிலைக் குற்றம் என்பதை விட்டுவிட்டு, ஜிம்மர்மேனின் பயத்தில் நியாயம் இருந்ததா என்பதை மற்ற நால்வரோடு வாதிட்டிருப்பார்கள். உங்களை ஜூரி அறையில் உட்காரவைக்கும்போது காகிதமும் பேனாவும் கொடுப்பார்கள். ஒரே ஒருமுறைதான் கேட்கலாம் என்று விதி ஏதும் இல்லை. எந்தப் பிரிவு, எந்த வரி, எந்தச் சொல் புரியவில்லை என்று எழுதி அனுப்புங்கள். பதில் பொதுவாக வந்தால் இன்னொரு தாள் எடுங்கள்.